லேப் தேர்வுக்குக் கட்டுப்பாட்டு ஷெல்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

செய்முறைத் தேர்வு மூன்று மணி நேரம். அதில் முதல் இருபது நிமிடம் "சார், கம்பைல் ஆகல", "சார், உள்ளேயே விடமாட்டேங்குது" என்று போனால் இழப்பு யாருக்கு? ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குத்தான். காப்பி அடிக்க நினைத்தவர் தன் வழியை முந்தின நாளே பார்த்து வைத்திருப்பார். அதனால் இரண்டு வகைக் கோளாறையும் சேர்த்தே எழுதுகிறேன்: மாணவரை வேலை செய்ய விடாமல் மறிப்பவை, மறிக்க வேண்டியதை மறிக்காமல் விடுபவை.

எங்கள் ஆய்வகத்து ஏற்பாடு பல கல்லூரிகளில் இருப்பதுதான். ஒரு லினக்ஸ் சர்வர், ஒரு வேளைக்கு முப்பது மாணவர்கள், மேசையில் விண்டோஸ் கணினி, அதிலிருந்து புட்டி என்ற மென்பொருள் வழியாக எஸ்எஸ்எச், அதாவது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு. லாகின் ஷெல்லாக (உள்ளே நுழைந்ததும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) ஆர்பாஷ், அதாவது லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷின் கட்டுப்பாட்டு வடிவம். கட்டளைப் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஆர்பாஷ் என்னென்ன தடுக்கும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறு தானே விளங்கிவிடும். சிடி போட்டு டைரக்டரி மாற முடியாது. பாத் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்), ஷெல், என்வ், பாஷ்என்வ் ஆகிய மாறிகளைத் தொட முடியாது. கட்டளைப் பெயரில் / வரக் கூடாது. >, >> போட்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்ப முடியாது. எக்ஸெக் போட்டு ஷெல்லையே வேறொன்றாக மாற்ற முடியாது. இன்னும் சில சில்லறைத் தடைகள் உண்டு. இவை எல்லாமே ப்ரொஃபைல் கோப்பை (லாகின் ஆனதும் ஷெல் படிக்கும் அமைப்புக் கோப்பு) படித்து முடித்த பிறகுதான் அமலுக்கு வரும். பாத்தை அமைப்பது, வேலை டைரக்டரிக்குள் போய் நிற்பது எல்லாவற்றையும் ப்ரொஃபைலிலேயே முடித்துவிட வேண்டும்.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறது

மாணவர் தப்பாக அடிக்கிறார் என்று நினைத்து நாமும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிக் கொடுப்போம். முதலில் சர்வரில் எஸ்எஸ்எச் லாகைப் பாருங்கள். அந்தப் பயனரின் ஷெல் கோப்பு இல்லாததால் அனுமதி இல்லை என்று ஒரு வரி இருந்தால் விஷயம் முடிந்தது. டெபியனிலும் உபுண்டுவிலும் ஆர்பாஷ் ஏற்கெனவே இருக்கும். ரெட்ஹாட் குடும்பத்தில் பெரும்பாலும் நாமேதான் பாஷுக்கு ஆர்பாஷ் என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட வேண்டும். தன்னை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்பதைப் பார்த்துத்தான் பாஷ் கட்டுப்பாட்டுக்குள் போகிறது. லிங்க் போட்ட கையோடு ஈடிசிக்குள் இருக்கும் ஷெல்ஸ் பட்டியலிலும் அந்தப் பாதையைச் சேர்த்துவிடுங்கள்.

ஜிசிசி ஓடுகிறது, அசெம்ப்ளரும் லிங்கரும் கிடைக்கவில்லை என்கிறது

பாத்தை ஒரே ஒரு டைரக்டரியாகச் சுருக்கி, அதற்குள் சி கம்பைலரான ஜிசிசிக்கு மட்டும் சிம்லிங்க் போட்டால் இதுதான் நடக்கும். ஜிசிசி தனியாள் கிடையாது. அது ஏஎஸ் (அசெம்ப்ளர்), எல்டி (லிங்கர்) என்ற இரண்டையும் கூப்பிடும், அவற்றைப் பாத்தில்தான் தேடும். அவற்றுக்கும் லிங்க் போடுவதைவிட, 'கம்பைல்' என்ற பெயரில் ரூட்டுக்கு (சர்வரின் நிர்வாகிக் கணக்கு) சொந்தமான சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். ஆர்பாஷ் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது அந்த ஸ்கிரிப்டுக்குள் கட்டுப்பாடு இருக்காது. ஸ்கிரிப்ட் தனக்கு வேண்டிய முழுப் பாத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஸ்கிரிப்ட் ஒரே ஒரு கோப்புப் பெயரை மட்டும் வாங்க வேண்டும். எழுத்து, எண், அடிக்கோடு, கடைசியில் .சி, இதைத் தவிர எது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். முக்கியமாக - குறியில் தொடங்குவதை ஏற்கவே கூடாது. ஜிசிசிக்கு 'ராப்பர்' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதில் ஷெல்லின் பாதையைக் கொடுத்தால் கம்பைலரே ஒரு முழு ஷெல்லைத் திறந்து கையில் கொடுத்துவிடும்.

./ போட்டு ஓட்டுவது / தடையால் நடக்காது என்பதால், இதேபோல 'ரன்' என்று இன்னொரு ஸ்கிரிப்டும் வேண்டும். அதற்குப் பயந்து பாத்தில் புள்ளியைச் சேர்த்துவிடாதீர்கள்.

வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்ப முடியவில்லை, ஆனால் கேள்வியே அதுதான்

யூனிக்ஸ் லேபில் இது கட்டாயம் வரும். சார்ட் செய்து கோப்பில் போடு, பைப் போட்டு எண்ணு என்று கேள்வி இருக்கும். ஆர்பாஷ் > குறியைக் கண்டதும் கட்டுப்பாடு என்று சொல்லி நிறுத்திவிடும். வெளியீட்டைக் கோப்பிலும் எழுதும் டீ கட்டளையைப் பாத்தில் வைத்து ஒப்பேற்றலாம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் தேர்வுக்கு ஆர்பாஷ் பொருந்தவே பொருந்தாது. மாணவர் எழுதும் ஸ்கிரிப்டுக்குள் கட்டுப்பாடு இல்லை என்று மேலே சொன்னேனே, ஓட்டை அங்கேயே வந்துவிடுகிறது. அந்தத் தேர்வுக்குச் சாதாரண பாஷைக் கொடுத்து, வேலியை வேறு இடத்தில் கட்டுங்கள். அது கொஞ்சம் கீழே வருகிறது.

நேற்று பூட்டிய கணக்கு இன்று திறந்து கிடக்கிறது

ஹோம் டைரக்டரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ப்ரொஃபைல் கோப்பை ரூட்டுக்கு மாற்றிவிட்டோம், இனி தொட முடியாது என்று நாம் நினைப்போம். ஆனால் ஒரு கோப்பை அழிப்பதும் பெயர் மாற்றுவதும் அந்தக் கோப்பின் உரிமையைப் பொறுத்ததில்லை, அது இருக்கும் டைரக்டரியின் உரிமையைப் பொறுத்தது. டைரக்டரி மாணவருடையது என்றால், விம்முக்குள் ஆச்சரியக்குறி போட்டுச் சேமித்தாலே ரூட்டின் கோப்பு போய் அவர் கோப்பு அங்கே உட்கார்ந்துவிடும். அடுத்த லாகினில் பாத் அவர் வைத்ததுதான். பாஷ் என்று அடித்தால் முழு ஷெல்.

ஹோம் ரூட்டுக்கே சொந்தமாக இருக்கட்டும். அதற்குள் 'வேலை' என்று ஒரு டைரக்டரி மட்டும் மாணவர் பெயரில் 700 உரிமையோடு, அதாவது அவர் மட்டுமே தொடலாம். ப்ரொஃபைல் கடைசி வரியில் அதற்குள் போய் நின்றுவிடும். பாஷ்ஆர்சி கோப்பையும் இதேபோல ரூட் பெயரில் வையுங்கள்.

லாகின் செய்தால் பூட்டு. எஸ்எஸ்எச்சோடு கட்டளை சேர்த்து அனுப்பினால் திறப்பு

புட்டியில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்கள் கண்ணில் இது படாது. எஸ்எஸ்எச் வரியின் கடைசியில் பாஷ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், சர்வர் அதை லாகின் ஷெல்லாக நடத்தாது. ஆர்பாஷிடம் அந்த ஒரு கட்டளையைக் கொடுத்து ஓட்டச் சொல்லும். ப்ரொஃபைல் படிக்கப்படாது. பாத் முழுசாக இருக்கும். பாஷ் என்ற பெயரில் / இல்லை என்பதால் ஆர்பாஷும் மறுக்காது.

எஸ்எஸ்எச்டி (சர்வரில் எஸ்எஸ்எச் இணைப்பை ஏற்கும் சேவை) அமைப்புக் கோப்பில் தேர்வுக் குழுவுக்கு மட்டும் ஒரு மேட்ச் பகுதி எழுதி, ஃபோர்ஸ்கமாண்ட் போடுங்கள். பயனர் எதை அனுப்பினாலும் அதில் எழுதிய கட்டளைதான் ஓடும். மதிப்பு: ஆர்பாஷ், அதோடு லாகினுக்கான -எல். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஃபோர்ஸ்கமாண்டையும் எஸ்எஸ்எச்டி அந்தப் பயனரின் லாகின் ஷெல் வழியாகத்தான் ஓட்டும். முழுப் பாதையை எழுதினால் அதில் / இருப்பதால் ஆர்பாஷே அதை மறுத்துவிடும், முப்பது பேரும் வெளியே நிற்பார்கள். வெறும் பெயரை மட்டும் எழுதுங்கள். அதே பகுதியில் டிசேபிள்ஃபார்வர்டிங் என்பதையும் 'யெஸ்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் போர்ட் ஃபார்வர்டிங் வழியாக வேறு கதவு திறக்கும்.

எடிட்டருக்குள் போனவர் முழு ஷெல்லோடு வெளியே வருகிறார்

விஐயில் : போட்டு ஷெல் மாறியை மாற்றிவிட்டு ஷெல் என்று அடித்தால் போதும். கோப்பை வாசிக்க உதவும் லெஸ்ஸில் ! குறி. மேன் பக்கமும் லெஸ்ஸில்தான் திறக்கும் என்பதால் அங்கேயும் அதே. நானோவில் கன்ட்ரோல் ஆர், அப்புறம் கன்ட்ரோல் எக்ஸ். ஆக், ஃபைண்ட், பைத்தான், ஜிடிபி எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வாசல் உண்டு. பாத்தில் ஒரு கருவியை வைக்கும் முன் "இது இன்னொரு புரோகிராமை ஓட்டுமா" என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டும் என்றால் வேண்டாம்.

எடிட்டர் இல்லாமல் தேர்வு நடக்காதே. விம்முக்குப் பதில் ஆர்விம், நானோவுக்குப் பதில் ஆர்நானோ. ஆர்விம் 8.1.0881 பதிப்புக்கு முந்தியதாக இருந்தால் அதன் பைத்தான், லுவா இணைப்பு வழியாகவே தப்பிக்கலாம். பழைய சர்வர் என்றால் பதிப்பைப் பாருங்கள். புதியதிலும்கூட ஆர்விம் வேறு கோப்பைத் திறந்து படிப்பதைத் தடுக்காது. ஆர்நானோ அதையும் தடுக்கும், கட்டளை வரியில் கொடுத்த கோப்பை மட்டுமே தொடும். லெஸ்ஸுக்கு லெஸ்செக்யூர் என்ற மாறியை 1 ஆக வைத்து எக்ஸ்போர்ட் செய்து, ப்ரொஃபைலிலேயே ரீட்ஒன்லியும் ஆக்கிவிடுங்கள். ரீட்ஒன்லி ஆக்காவிட்டால் மாணவர் அதை வெறுமையாக்கிவிட்டு லெஸ்ஸை ஓட்டலாம்.

கேட், எல்எஸ் கட்டளைகள் கிடையாது, ஆனாலும் பக்கத்துக் கணக்கின் விடை இவர் கையில்

ஒரு முறை மூன்றாம் வரிசையில் ஒரு மாணவரின் திரையைப் பின்னால் நின்று பார்த்தேன். எக்கோ என்று அடித்தார், பக்கத்தில் ஹோம் டைரக்டரியின் பாதை, அதற்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி. அந்த வேளைக்கு வந்த அத்தனை பேரின் பதிவெண்ணும் ஒரே வரியில் விழுந்தது. எல்எஸ் தேவையே படவில்லை. நட்சத்திரத்தை விரிப்பது ஷெல்லின் வேலை. அடுத்து, டாலர் குறி போட்டு அடைப்புக்குள் < குறியும் ஒரு கோப்பின் பாதையும். ஆர்பாஷ் தடுப்பது வெளியே எழுதும் திசையை மட்டும். உள்ளே வாசிக்கும் < குறியை அது தடுப்பதே இல்லை, அந்தப் பாதையில் எத்தனை / இருந்தாலும்.

இதை ஷெல்லில் அடைக்க வழி கிடையாது. கோப்பு உரிமையில்தான் அடைக்க வேண்டும். வேலை டைரக்டரி 700, ப்ரொஃபைலில் யுமாஸ்க் 077 (புதுக் கோப்புகளை மற்றவர் தொட முடியாதபடி). உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகளுக்கு 750 தானாக வரும் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எல்லா மாணவருக்கும் முதன்மைக் குழுவாக ஒரே தேர்வுக் குழுவைக் கொடுத்திருந்தால் நடுவில் உள்ள 5 அத்தனை பேருக்கும் வாசிக்கும் உரிமை கொடுத்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனிக் குழு முதன்மையாக இருக்கட்டும். தேர்வுக் குழு கூடுதல் குழுவாக இருந்தால் போதும்.

எல்லாம் அடைத்தாயிற்று, ஒரு சி புரோகிராம் எல்லாவற்றையும் திறந்துவிட்டது

மெயின் ஃபங்ஷன், அதற்குள் சிஸ்டம் என்ற ஒரே ஃபங்ஷன் கால், அதற்குள் மேற்கோளில் ஷெல்லின் முழுப் பாதை. மூன்று வரி. 'கம்பைல்' போட்டார், பிழையில்லை. 'ரன்' போட்டார், முழு ஷெல். விதிப்படி அவர் செய்தது தேர்வில் செய்யச் சொன்னதைத்தான்: ஒரு சி புரோகிராம் எழுதி ஓட்டுவது.

இதைப் பார்த்ததும் சிலர் சிஸ்டம் என்ற சொல் இருக்கிறதா என்று கோப்பைத் தேடும் வரி ஒன்றை ஸ்கிரிப்டில் சேர்ப்பார்கள். நானும் சேர்த்திருக்கிறேன். எக்ஸெக்விஇ வழியாக வருவார், மேக்ரோவில் சொல்லை இரண்டாக உடைத்து ஒட்டுவார், சிஸ்கால் எண்ணை நேரடியாகக் கொடுப்பார். அதோடு, ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் ஃபோர்க் (புதிய ப்ராசஸ் உருவாக்குவது), எக்ஸெக் எல்லாம் பாடத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தடுத்தால் நேர்மையான மாணவரின் விடைதான் ஓடாமல் போகும்.

ஆகவே இங்கே முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். மாணவர் தான் எழுதிய புரோகிராமைத் தானே ஓட்டலாம் என்றால், முழு ஷெல் அவருக்குக் கிடைத்துவிட்டதாகவே எண்ணி மற்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள். பாஷ் கையேடே ஆர்பாஷ் பகுதியின் முடிவில், இன்றைய கணினிகளில் ஜெயில், ஸோன், கன்டெய்னர் போன்றவை இதைவிடப் பாதுகாப்பானவை என்று எழுதியிருக்கிறது. ஷெல் தடுக்க நினைப்பதைப் புரோகிராம் மதிக்காது. லினக்ஸின் உள்கருவான கர்னல் தடுத்தால் புரோகிராமும் அடங்கித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது பப்பிள்ராப் என்ற சிறு கன்டெய்னர் கருவி. ஒவ்வொரு மாணவரின் லாகினும் தனி நேம்ஸ்பேஸுக்குள், அதாவது கர்னல் பிரித்துக் கொடுக்கும் தனிச் சூழலுக்குள் போகும். கணினியின் யுஎஸ்ஆர் பகுதி வாசிக்க மட்டும். வேலை டைரக்டரி மட்டும் எழுத. டெம்ப் புதிதாக, காலியாக. ப்ராசஸ் பட்டியல் தனி. நெட்வொர்க் பிரித்தெடுக்கப்பட்டு வெறும் லூப்பேக் (தனக்குள்ளேயே பேசும் இணைப்பு) மட்டும். பக்கத்து மாணவரின் ஹோம் டைரக்டரி அங்கே பூட்டப்பட்டிருக்காது, இருக்கவே இருக்காது. உள்ளே சாதாரண பாஷையே கொடுக்கலாம்: சிடி வேலை செய்யும், > வேலை செய்யும், ./ போட்டு ஓட்டலாம், விம் முழுசாக வரும். 'கம்பைல்', 'ரன்' ஸ்கிரிப்டுகளுக்கு வேலையே இல்லை. மாணவருக்கும் வகுப்பில் பழகிய அதே சூழல். மேலே சொன்ன ஃபோர்ஸ்கமாண்டில் ஆர்பாஷுக்குப் பதில் பப்பிள்ராப்பைக் கூப்பிடும் உங்கள் ஸ்கிரிப்டின் பெயரை எழுதிவிடுங்கள்.

இருக்கிற சர்வரில் இதைச் செய்ய முடியாத நிலை என்றால் ஆர்பாஷை வைத்துக்கொள்ளலாம்தான். தெரியாமல் கைபட்டு எங்கோ போய்விடுவதைத் தடுக்க அது உதவும். காப்பியைத் தடுக்கும் என்று தேர்வுப் பொறுப்பாளரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பப்பிள்ராப் யுஐடி மேப் அமைக்க அனுமதி இல்லை என்கிறது

உபுண்டு 24.04 ஆக இருந்தால் பெரும்பாலும் அதன் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் காரணம். சாதாரணப் பயனர் யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்குவதை அது கட்டுப்படுத்துகிறது. பப்பிள்ராப்புக்கு என்று அதை அனுமதிக்கும் ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் ஒன்றைச் சேருங்கள். கணினி முழுவதற்கும் அந்தக் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டாம்.

நெட் கிடையாது என்று சொன்னோம், பதில் வெளியிலிருந்து வருகிறது

பப்பிள்ராப் வழியில் போனவர்களுக்கு சர்வர் பக்கம் இந்தக் கோளாறு வராது. ஆர்பாஷோடு இருப்பவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. பாஷுக்குள்ளேயே டெவ் டிசிபி என்றொரு பாதை இருக்கிறது. உண்மையில் அப்படி ஒரு கோப்பு கிடையாது, ஆனால் < குறிக்குப் பின் அதையும் முகவரியையும் போர்ட்டையும் எழுதினால் பாஷே இணைப்பைத் திறக்கும். < தடுக்கப்படவில்லை என்பது நினைவிருக்கும். எனவே ஃபயர்வாலில், தேர்வுப் பயனர்களின் பயனர் எண்களை வைத்து வெளியே போகும் பாக்கெட்டுகளை மறுங்கள். ஐபிடேபிள்ஸில் செய்தால் அது ஐபிவி4க்கு மட்டும். ஐபிவி6க்குத் தனியாகப் போட மறந்துவிட்டு, சோதித்துப் பார்த்தேன், அடைந்திருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. என்எஃப்டேபிள்ஸில் ஐநெட் வகை டேபிள் போட்டால் இரண்டும் ஒன்றாக அடங்கும்.

சர்வர் சுத்தமாக இருந்தும் பதில் வருகிறது என்றால் மேசையில் இருக்கும் விண்டோஸைப் பாருங்கள். அங்கே பிரவுசரைத் திறந்து வைத்துப் புட்டிக்குள் வலது கிளிக்கில் ஒட்டுகிறார்கள். ஆய்வகத்து ஸ்விட்ச்சில் சர்வரைத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி தேர்வு நேரத்துக்கு மாற்றச் சொல்லி நெட்வொர்க் பொறுப்பாளரிடம் முந்தின நாளே எழுதிக் கொடுங்கள்.

மாணவர்கள் சர்வருக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள்

ரைட் கட்டளை, டெம்ப் டைரக்டரி, ஷேர்டு மெமரி, இவை எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாமல் போவது ப்ராசஸ் பட்டியல். ஸ்லீப் போன்ற ஒரு புரோகிராமை வேறு பெயரில், விடையையே ஆர்க்யூமெண்டாகக் கொடுத்து ஓட்டினால், பிஎஸ் அடிக்கும் எல்லாரும் அதைப் படிக்கலாம். ப்ராசஸ் விவரங்கள் தெரியும் ப்ராக் ஃபைல்சிஸ்டத்தை ஹைட்பிட் 2 என்று மவுண்ட் செய்தால் அடுத்தவர் ப்ராசஸ் தெரியாது. தனி நேம்ஸ்பேஸில் இருப்பவர்களுக்கு இதுவும் தானாகவே அடைந்திருக்கும்.

திடீரென்று எல்லாருக்கும் ஃபோர்க் தோல்வி

இது காப்பி இல்லை. லூப்புக்குள் ஃபோர்க் எழுதிவிட்டு நிறுத்தும் நிபந்தனையைத் தப்பாகப் போட்ட யாரோ ஒருவர். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள், தேர்வுப் பதற்றத்தில் யாருக்கும் வருவதுதான். ரூட்டிலிருந்து அந்தப் பயனரின் ப்ராசஸ்களுக்கு முதலில் ஸ்டாப் சிக்னல், அடுத்து கில். நேரடியாகக் கில் கொடுத்தால் அழிப்பதைவிட வேகமாகப் புதியவை பிறந்துகொண்டிருக்கும். லிமிட்ஸ் கோப்பில் என்ப்ராக் (ப்ராசஸ் எண்ணிக்கை) வரம்பு வைத்திருந்தும் எல்லாரும் மாட்டினார்கள் என்றால், முப்பது பேருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வரம்பு பயனர் எண்ணுக்குத்தான் கணக்கிடப்படுகிறது. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கு ஐம்பது ப்ராசஸ் என்று வைத்தால் ஒருவரின் தவறு அவரோடு நின்றுவிடும். இந்த வேளைத் தேர்வுக்கு என்று புதுக்கணக்குகளாகவே உருவாக்குங்கள். வகுப்புக் கணக்கில் பழைய கோப்பும், குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரான் வேலையும், பின்னணியில் ஓடும் ப்ராசஸும் மிச்சமிருக்கும்.

நேரம் முடிந்த பிறகும் கோப்பு மாறுகிறது

கணக்கைப் பூட்டினால் புதிய லாகின்தான் நிற்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். லாகின்சிடிஎல்லில் டெர்மினேட் யூசர் கொடுத்து அமர்வை முடியுங்கள். ஏட், கிரான் இரண்டுக்கும் அனுமதிப் பட்டியல் கோப்பைக் காலியாக வைத்திருந்தால் பின்னால் ஓடவும் ஒன்றும் இருக்காது.

கோப்பின் தேதி நேரத்தை ஆதாரமாக வைக்காதீர்கள். டச் கட்டளையில் அதை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். மணி அடித்ததும் ரூட்டிலிருந்து ஒவ்வொரு வேலை டைரக்டரியையும் வேறிடத்துக்கு நகலெடுத்து, விடைக்கோப்புக்கு எஸ்எச்ஏ256 (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) கணக்கிடுகிறோம். அதன் முதல் எட்டு எழுத்தை மாணவரின் விடைத்தாளில் எழுதி, அவர் கண் முன்னாலேயே திரையில் காட்டிச் சரிபார்த்து, பக்கத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் வைவாவுக்கு அனுப்புகிறோம்.